பிளாட்டோனிக் என்றால் தெய்வீகக் காதலா?

நடுவயது ஆணும் இளம்பெண்ணும் நெருங்கிப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கம் கல்யாணத்திலும் முடியவில்லை, படுக்கையிலும் முடியவில்லை. இப்படி ஒரு படம் வந்துவிட்டால் தமிழில் எழுதுகிறவர்கள் கையில் ‘தெய்வீகக் காதல்’ என்ற தொடர் தயாராக இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் ‘பிளாட்டோனிக் காதல்’ என்று எழுதுவார். படங்களுக்குத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) எழுதுகிறவர்களும் இதையே எடுத்து ஒட்டுகிறார்கள். இவற்றில் ‘தெய்வீக’த்தைக்கூட மன்னித்துவிடலாம். ‘காதல்’தான் தவறு.

சொல்லின் பிறப்பு எல்லோரும் அறிந்ததுதான். கிரேக்கத்துப் பிளேட்டோவின் பெயரடியாக வந்தது. அவருடைய ‘சிம்போசியம்’ உரையாடலில், தியோத்திமா என்ற பெண் தனக்குக் கற்பித்ததாகச் சாக்ரடீஸ் ஒரு படிக்கட்டைச் சொல்கிறார்: அழகான ஓர் உடல்மேல் ஆசை, பிறகு எல்லா உடல்களிலும் உள்ள அழகு, பிறகு உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு, கடைசியில் அழகு என்பதே. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்சில் தத்துவவாதி மார்சிலியோ ஃபிச்சினோ இதற்கு உரை எழுத, ‘பிளேட்டோவின் காதல்’ ஐரோப்பா எங்கும் பரவியது. 1630களில் இங்கிலாந்து அரசி ஹென்ரியெட்டா மரியாவின் அவையில் அது ஒரு மோஸ்தராகி, நாடகமேடை வரை போனது. அங்கிருந்து தேய்ந்து தேய்ந்து, இன்று ஆங்கிலம் பேசுகிறவர் ‘பிளாட்டோனிக்’ என்றால் ‘அவங்களுக்குள்ள அப்படி ஒண்ணும் இல்லை’ என்று மட்டுமே பொருள்.

ஆக, பழைய பொருளில் ஆசை உண்டு. அது படியேறிப் போகிறது. இன்றைய பொருளில் ஆசையே இல்லை. ‘தெய்வீகக் காதல்’ ஃபிச்சினோவுக்கு ஓரளவு பொருந்தலாம். சினிமா விமர்சனத்தில் நமக்கு வேண்டியது அந்தப் பொருள் இல்லையே.

தமிழில் அந்தத் தொடருக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். ஆண்டாள் அரங்கன்மேல் கொண்டது தெய்வீகக் காதல். அம்பிகாபதி – அமராவதி கதையையும் மேடையில் அப்படித்தான் சொல்வார்கள். அதாவது காதல் முற்றிப்போய், உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஏறினால் அது தெய்வீகக் காதல். காதலே இல்லாத உறவுக்குக் காதலின் உச்சத்துக்குரிய பெயரை வைத்தால் படிக்கிறவர் என்னதான் நினைப்பார்? ‘புனிதமான உறவு’ என்று எழுதுகிறவர்கள் இன்னொரு தப்புச் செய்கிறார்கள்: அது புனிதம் என்றால் மற்றதெல்லாம் அசுத்தம் என்றாகிறது. படம் சொல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுகிறார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பழந்தமிழில் காதல் என்பது ஆண்–பெண் காதலை மட்டும் குறிக்கவில்லை. கம்பன் மகனைக்கூடக் காதலன் என்பான். ஆகவே எல்லா அன்புக்கும் காதல் என்று சொல்லலாமே என்பார்கள். உண்மைதான். அதே கணக்கில் ‘நட்பு’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தலைவி ‘நிலத்தினும் பெரிதே’ என்று தொடங்கி நிலம், வானம், கடல் எல்லாவற்றையும் அளந்துவிட்டு, ‘நாடனொடு நட்பே’ என்று முடிக்கிறாள். அது சுத்தமான காதல். சொற்கள் இடம் மாறிவிட்டன: காதல் குறுகியது, நட்பு விலகிப் போனது. இன்று மகனைக் காதலன் என்று எழுதிவிட்டுக் கம்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் யாரும் ஒப்ப மாட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் நட்பைக் குறிக்கும் ‘கேண்மை’யைக் கொண்டுவருவார்கள். அழகான சொல், ‘நிறைநீர நீரவர் கேண்மை’ என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் அதன் வேரான ‘கேள்’ உறவினரையும் குறிக்கும், நண்பரையும் குறிக்கும், கணவனையும் குறிக்கும். கேள்வன் என்றால் கணவன்தான். தெளிவுக்காகத் தேடிப்போய் இன்னொரு மூட்டத்தில் மாட்டிக்கொள்வானேன்?

இன்னும் வேடிக்கை, ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்’ என்ற குறளைப் பிளாட்டோனிக்குக்கு மேற்கோள் காட்டுவது. அங்கே புணர்ச்சி என்பது ஒரே ஊரில், ஒரே நாட்டில் சேர்ந்திருத்தல். பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டு கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். நேரில் பாராமலே நட்பான இரண்டு ஆண்கள். உரையைப் புரட்டாமல் குறளை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

புலமை காட்ட விரும்புகிறவர்கள் ‘பெருந்திணை’, அதாவது பொருந்தாக் காமம், என்பார்கள். வயதுப் பொருத்தமின்மையைத் தொல்காப்பிய அகத்திணையியல் ‘இளமை தீர் திறம்’ என்று பெருந்திணைக் குறிப்புகளில் சேர்த்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். சேர்த்திருக்கிறதுதான். ஆனால் அதே நூற்பாவில் பக்கத்திலேயே ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’ நிற்கிறது. பெருந்திணை காமத்தின் ஒரு வகை. காமம் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

பெருந்திணை என்ற சொல் சரியாக உட்காரும் படம் ஒன்று உண்டு. நம் ஊரில் பிளாட்டோனிக் என்ற முத்திரையை அதிகம் சுமக்கிற ‘முதல் மரியாதை’ (1985) அது. பாரதிராஜா இயக்கத்தில் சிவாஜி கணேசன் ஊர்ப் பெரியவர் மலைச்சாமி. ராதா பரிசல்காரப் பெண் குயில். உடலுறவு இல்லை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு பிளாட்டோனிக் என்கிறார்கள். மலைச்சாமி இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல் எதற்கு? பெண் கட்டும் தகுதியைக் காட்ட இளைஞர்கள் தூக்குவது. நரைத்த மனிதர் அதில் கை வைக்கிறார் என்றால் அங்கே ஆசை இருக்கிறது, வயதை மீறிய ஆசை. சாட்சாத் இளமை தீர் திறம். இதைக் கைகூடாக் காதல் என்று சொல்லுங்கள், உடல் சேராக் காதல் என்று சொல்லுங்கள், பெருந்திணை என்றே சொல்லுங்கள். பிளாட்டோனிக் என்று சொன்னால் அந்தக் கல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

எதிர்ப்பக்கம் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ (2003). சோஃபியா கொப்போலாவுக்கு மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கித் தந்த படம். விஸ்கி விளம்பரத்தில் நடிக்க டோக்கியோ வந்த நடிகர் பாப். புகைப்படக்காரக் கணவனோடு வந்து ஹோட்டல் அறையில் தனியே கிடக்கும் இளம்பெண் சார்லட். இருவருக்கும் தூக்கம் வரவில்லை. இருவருக்கும் திருமணமாகிவிட்டது. ஒரு காட்சியில் ஒரே கட்டிலில் உடுத்திய உடையோடு படுத்து, திருமணம், பிள்ளைகள் என்று பேசுகிறார்கள். அவள் காலை மடக்கி அவர் பக்கம் ஒருக்களித்திருக்கிறாள்; அவர் கை அவள் பாதத்தின்மேல் விழுகிறது; அவ்வளவுதான், தூங்கிப்போகிறார்கள். தொடுதல் இருப்பதாலேயே காமம் என்று சொல்ல முடியாது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், நரந்தம் மணக்கும் தன் கையால் புலவு நாறும் என் தலையைத் தடவுவான் என்று வருகிறது. அதைக் காதல் என்று யாரும் படிப்பதில்லை.

ஆனாலும் இந்தப் படத்தில் பொறாமை உண்டு. ஹோட்டல் பாடகியோடு பாப் இரவைக் கழித்ததை அறிந்து சார்லட் முகம் சுளிக்கிறாள். கடைசியில் தெருவில் ஒரு முத்தமும் உண்டு. காமம் எட்டிப் பார்க்கிறது. உறவு அதன்மேல் நிற்கவில்லை. இங்கே ‘காமமற்ற’ என்று அடித்துச் சொல்வதும் அதிகப்படி. வெறுமனே ‘நட்பு’ என்று எழுதிவிட்டு, மீதியைக் காட்சிக்கு விட்டுவிட வேண்டும். இதே படத்தில் விளம்பர இயக்குநர் ஜப்பானியத்தில் மூச்சுவிடாமல் பேச, மொழிபெயர்ப்பாளர் அதை ஒற்றை வரியில் முடித்துவிடுவார். அவர் சொன்னது இவ்வளவுதானா என்று பாப் விழிப்பார். நம்மவர்கள் தலைகீழ். ‘ஒண்ணுமில்லை’ என்ற சின்னச் சொல்லை வாங்கித் தெய்வீகமாக்கிக் கொடுக்கிறார்கள்.

‘டியர் ஜிந்தகி’யையும் (2016) இதே கூடையில் போடுகிறார்கள். அங்கே ஷாருக் கான் மனநல ஆலோசகர், ஆலியா பட் அவரிடம் வருகிறவர். அது சிகிச்சை. ஆலோசனைகள் முடிந்ததும் உறவும் முடிய வேண்டும் என்பது தொழில் விதி, படமும் அப்படியே நடந்துகொள்கிறது. ‘பரிவு’ என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது பிளேட்டோவை ஏன் கூப்பிட வேண்டும்?

சரி, எதைத்தான் எழுதுவது? கட்டுரையிலும் விமர்சனத்திலும் ‘காமம் கலவாத’ என்பதை அடையாக வைத்துக்கொண்டு, பெயர்ச்சொல்லைப் படத்துக்குத் தக்கபடி மாற்றுவது நல்லது: காமம் கலவாத நட்பு, காமம் கலவாத தோழமை, காமம் கலவாத நெருக்கம். ‘பாலுறவற்ற’ என்பது மருத்துவ அறிக்கை மாதிரி இருக்கிறது. செயல் இல்லை என்றுதான் சொல்கிறது, ஆசை இல்லை என்று சொல்லவில்லை. அதை வைத்தால் மலைச்சாமியும் உள்ளே வந்துவிடுவார். பிளேட்டோவின் தத்துவத்தைப் பேசும் இடத்தில் மட்டும் ‘பிளேட்டோவியக் காதல்’ இருக்கட்டும்.

துணைத்தலைப்பில் இதுவும் நீளம். இரண்டு வரி, இரண்டு மூன்று விநாடி. அதற்குள் கண் படித்து முடிக்க வேண்டும். ஒரு பாத்திரம் ‘எங்கள் உறவு பிளாட்டோனிக்’ என்றால் ‘நாங்க வெறும் ஃபிரெண்ட்ஸ்தான்’ போதும். மூன்றாம் ஆள் சந்தேகமாகக் கேட்டு வரும் பதில் என்றால் ‘அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை’. அந்த ‘அப்படி’யில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

டப்பிங்கில் இந்தச் சொல்லைவிடப் பெரிய கண்ணி, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் உறவைக் காட்டிக்கொடுக்கும். சார்லட் பாப்பை ‘சார்’ என்றால் அலுவலகமாகிவிடும். ‘அங்கிள்’ என்றால் தியேட்டரில் சிரிப்பார்கள். ‘அண்ணா’ என்று போட்டுவிட்டால் படம் திறந்து வைத்த கதவை மொழிபெயர்ப்பாளரே சாத்திப் பூட்டிவிடுகிறார். பாதியில் அவள் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கினால், அந்த நொடியே காதல் வந்துவிட்டது என்று நம் காது முடிவுகட்டிவிடும். பாப் முதலில் ‘நீங்க’ என்று தொடங்கி, ஊர் சுற்றிப் பாட்டுப் பாடும் இரவில் ‘நீ’க்கு வரலாம், மூத்தவர், உறுத்தாது. அவள் மட்டும் கடைசிவரை பெயரோடு ‘நீங்க’ சேர்த்தே பேச வேண்டும்: ‘பாப், நீங்க இன்னும் தூங்கலையா?’