டேக்: எடுப்பா, ஈடா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் 'டேக்'. பாடத் தொடங்கி நிறுத்துவதற்குள் பதிவானது எதுவோ அது ஒரு டேக். சரியாக வந்தால் 'டேக் ஓகே', சுருதி விலகினால் 'இன்னொரு டேக் போகலாம்'.

ஆங்கிலத்தில் இது 'எடு' என்ற வினைதான், பழைய ஸ்காண்டிநேவிய மொழியின் 'டாக்கா'விலிருந்து வந்தது. பெயர்ச்சொல்லானபோது ஒரே தடவையில் எடுத்த அளவைக் குறித்தது: வலையில் ஒரு வீச்சுக்கு அகப்பட்ட மீன், அச்சுக்கோப்பவர் ஒரு வாட்டிக்கு வாங்கிக்கொண்ட கையெழுத்துப் பிரதி. அப்புறம் சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் போனது. பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் பலவற்றில் லேபிளை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணோடு எத்தனையாவது டேக் என்பதும் சேர்ந்தே இருக்கும்.

இன்றைய மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ட்ராக்குக்கு, அதாவது ஒரு குரலையோ கருவியையோ தனியாகப் பதியும் வரிசைக்கு, 'குரல்' என்று பேர் வைத்துவிட்டுப் பதிந்தால் கோப்பு குரல்_01, அடுத்த டேக் குரல்_02. பேர் வைக்காமல் பதிந்தால் ஆடியோ 1_01. பிறகு ட்ராக்கின் பேரை மாற்றினாலும் கணினி வட்டில் இருக்கும் கோப்பின் பேர் மாறாது. எனக்கு ஒருமுறை வந்த வயலின் கோப்புறையில் அத்தனையும் ஆடியோ 1_ என்றே தொடங்கின. எது நல்ல டேக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேடியதில் ஒரு ராத்திரி போனது. கோபத்தில் வெளியிலிருந்தே பேரை மாற்றினேன், உடனே மென்பொருள் கோப்புகளைக் காணோம் என்றது. பதியும் முன்னால் பேர் வையுங்கள், தயவுசெய்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எடுப்பு' நேரான மொழிபெயர்ப்புதான், ஆனால் கர்நாடக இசையில் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கிறது. சம எடுப்பு, அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று பேசுகிறவரிடம் 'மூன்றாவது எடுப்பு' என்றால் குழம்பிப்போவார். 'தடவை' புரியும், ஆனால் பதிவான பொருளை அது குறிக்காது.

எனக்குப் பிடித்தது 'ஈடு'. ஓர் ஈடு இட்லி என்கிறோமே, ஒரே தடவையில் ஊற்றி எடுத்தது, அதே கணக்கு. 'பல்லவிக்கு மூன்றாம் ஈடு, சரணத்தை ஐந்தாம் ஈட்டிலிருந்து வெட்டி ஒட்டு' என்று எங்கள் கலவை (மிக்ஸிங்) வேலையில் சொல்லிப் பார்த்தேன், உதவியாளர் விளக்கம் கேட்காமல் குரல்_03ஐயும் குரல்_05ஐயும் திறந்தார்.