எம்பார்கோ: சொல் விளக்கம்

எண்ணெய் அரசியல் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் சொல் எம்பார்கோ. ஸ்பானிய மொழியில் 'எம்பார்கார்' என்றால் பிடித்து வைத்தல், போகவிடாமல் தடுத்தல். அதற்கும் வேர் குறுக்குக் கட்டையைக் குறிக்கும் 'பார்ரா' என்கிறார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலை வெளியே விடாதே என்று அரசன் போடும் ஆணைக்குத்தான் முதலில் இந்தப் பெயர். 1807இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த எம்பார்கோ சட்டமும் அப்படித்தான்: சொந்த நாட்டுக் கப்பல்களையே வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. பிற்பாடுதான் இந்தச் சொல் கப்பலை விட்டுச் சரக்கின் மேல் ஏறிக்கொண்டது: ஒரு நாட்டுக்கு விற்கவோ அதனிடம் வாங்கவோ கூடாது என்பதும் எம்பார்கோ ஆனது.

எண்ணெயோடு அது ஒட்டிக்கொண்டது 1973இல். தகராறு என்னவோ நிலத்துக்குத்தான். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த, எகிப்தின் சினாயையும் சிரியாவின் கோலான் குன்றுகளையும் மீட்க எகிப்தும் சிரியாவும் அக்டோபர் 6 அன்று போரில் இறங்கின. சினாயின் மேற்குக் கரையோரம் அபு ருதெய்ஸ் எண்ணெய் வயல்கள் வேறு இஸ்ரேல் கையில் இருந்தன. அக்டோபர் 17 அன்று குவைத்தில் கூடிய அரபு எண்ணெய் நாடுகள், இஸ்ரேல் வெளியேறும்வரை மாதாமாதம் உற்பத்தியை 5 விழுக்காடு குறைப்பது என்று முடிவெடுத்தன. இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி வேண்டும் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டதும், அமெரிக்காவுக்கு எண்ணெயே கிடையாது என்றார்கள். நெதர்லாந்துக்கும் அதே கதி.

இதை எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் செய்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தடை போட்டது அரபு நாடுகள் மட்டுமே உள்ள ஓயாபெக் என்ற தனி அமைப்பு. ஒபெக் உறுப்பினரான ஈரான் தடையில் சேரவில்லை, தொடர்ந்து விற்றது. விலையேற்றத்தில் மட்டும் அதற்கும் பங்கு உண்டு. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரியில் 11.65 டாலர் ஆனது. அமெரிக்காவில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, நாள் விட்டு நாள் பெட்ரோல் போட்டார்கள். நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை. ஆனால் எண்ணெய் ஒரே சந்தையில் விற்கும் சரக்கு; தடைப் பட்டியலில் இல்லாத இந்தியாவும் ஏறிய விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 1974 மார்ச்சில் அமெரிக்கா மீதான தடை நீங்கியது. கோலான் இன்னும் இஸ்ரேல் பிடியில்தான் இருக்கிறது.

1990இல் கதை தலைகீழ். இரு நாட்டு எல்லையில் உள்ள ருமைலா எண்ணெய் வயலில் குவைத் தன் எண்ணெயைத் திருடுகிறது என்று குற்றம் சாட்டிவந்த ஈராக், ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 661ஆம் தீர்மானம், ஈராக்கிடமோ அது பிடித்த குவைத்திடமோ யாரும் எண்ணெய் வாங்கக் கூடாது என்றது. முன்பு விற்பவர் கைவிரித்தார், இப்போது வாங்குபவர் கை கட்டப்பட்டது. இரண்டுமே எம்பார்கோதான்.

சரி, தமிழில்? 'பொருளாதாரத் தடை' பொருந்தாது. வங்கிக் கணக்கை முடக்குவது, பயணத்தைத் தடுப்பது எல்லாம் அதில் அடங்கும், எம்பார்கோ அதில் ஒரு பகுதிதான். 'முற்றுகை' என்றால் போர்க்கப்பல் வந்து நிற்க வேண்டும். பொதுவாக 'வணிகத் தடை' போதும். வேரை ஒட்டிப் போனால் 'மறிப்பு' அழகான சொல். ஈழத் தமிழில் சிறைச்சாலையை மறியற்சாலை என்பார்கள், பிடித்து வைக்கும் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் மறியல் என்றதும் சாலையில் உட்காருவதுதான் நினைவுக்கு வரும் என்பதால் செய்தியில் அது எடுபடாது.

'எண்ணெய்த் தடை' என்று மொட்டையாக எழுதுவதில்தான் குழப்பம். யார் யாருக்குத் தடுத்தார் என்பது தெரியாது. 1973இல் நடந்ததை 'எண்ணெய் ஏற்றுமதித் தடை' என்றும், வாங்குபவர் போடுவதை 'எண்ணெய் இறக்குமதித் தடை' என்றும் பிரித்து எழுதலாம். உக்ரைன் போரையொட்டி, 2022 டிசம்பர் 5 முதல் ரஷ்யாவின் கச்சா எண்ணெயைக் கடல் வழியே வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியதே, அது இரண்டாவது வகை. அந்தத் தடையில் சேராத இந்தியா, அதே எண்ணெயைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொண்டது.