எக்ஸ்போர்ட்: ஏற்றுமதியா, வெளியெடுப்பா?

தரமணி, பெருங்குடி, ஒரகடம் பக்கத்துப் பொறியியல் வடிவமைப்பு அலுவலகங்களில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் எக்ஸ்போர்ட். "சால்வ் முடிஞ்சுதா? ரிசல்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணிடுப்பா, சாயந்திரம் கஸ்டமருக்குப் போகணும்" என்பார் மூத்தவர். "சிஎஸ்வியா எடுத்துடவா சார்?" என்று கேட்பார் இளையவர். (சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக்கோப்பு.) வேலை ஒன்றுதான், வினை இரண்டாகிவிட்டது. ஒருவர் எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்கிறார், மற்றவர் எடுக்கிறார். அந்த "எடு" என்ற சொல்லில்தான் நமக்கு வேண்டிய தமிழ் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சிமுலேஷன் மென்பொருள், அதாவது ஒப்புருவாக்க மென்பொருள், ஒரு பாகத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இடப்பெயர்ச்சி, தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை), வெப்பநிலை போன்றவற்றைக் கணக்கிடுகிறது. வரம்புறு கூறு முறை என்று நம் பாடநூல்கள் சொல்லும் இந்த முறைக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவர் ரே கிளஃப், 1960ல். கணக்கு முடிந்ததும் விடைகள் மென்பொருளின் சொந்தக் கோப்பில் இரும வடிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்பு வகை: அபாகஸுக்கு ஓடிபி, ஆன்சிஸுக்கு ஆர்எஸ்டி, நாஸ்ட்ரானுக்கு ஓபி2, எல்எஸ்-டைனாவுக்கு டி3பிளாட். ஒரு வண்டி மோதல் கணக்கின் கோப்பு பல ஜிபி இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. மூல மென்பொருளோ அதன் வடிவம் அறிந்த இன்னொரு கருவியோ வேண்டும்.

அந்தக் கோப்பிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்து, வேறு மென்பொருளோ மனிதரோ படிக்கக்கூடிய வடிவத்தில் வெளியே எழுதித் தருவதுதான் எக்ஸ்போர்ட். கோப்பைச் சேமிப்பதும் நகலெடுப்பதும் வேறு வேலைகள். சேமித்தால் இருப்பது இருந்தபடி இருக்கும், நகலெடுத்தால் இருப்பது இரண்டாகும். எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம் வெளியே வரும், நிறைய உள்ளேயே தங்கிவிடும், வருவதும் உருமாறி வரும். எது வருகிறது, எப்படி மாறி வருகிறது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். நாம் முடிவு செய்யாவிட்டால் மென்பொருள் செய்துவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். எக்ஸ் என்றால் வெளியே, போர்த்தாரே என்றால் சுமந்து செல்லுதல். டிரான்ஸ்போர்ட், போர்ட்டர், போர்ட்டபிள் எல்லாம் இந்தச் சுமத்தலின் பிள்ளைகள். வணிகத்துக்கு வந்தபோது சரக்கை நாட்டுக்கு வெளியே கொண்டுபோதல் என்ற பொருள் நிலைத்தது. கணினிக்காரர்கள் அதையே எடுத்து, ஒரு மென்பொருளின் எல்லையைத் தாண்டித் தரவை அனுப்புதல் என்று வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பயணம் இயல்பாக நடந்தது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. வெளியே என்பதும் சுமத்தல் என்பதும் மட்டுமே இருந்தன.

தமிழில் கதை வேறு. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் துறைமுகத்தைக் கண்முன் நிறுத்தும் சொற்கள். கப்பலில் ஏற்றினால் ஏற்றுமதி, கப்பலிலிருந்து இறக்கினால் இறக்குமதி. மலையாளத்தில் கயற்றுமதி, இறக்குமதி. தெலுங்கில் எகுமதி, திகுமதி, அங்கேயும் மேலே போவதும் கீழே வருவதும்தான். நம் சென்னையில் இது வெறும் உருவகமாக இருந்ததில்லை. இயற்கைத் துறைமுகம் இல்லாத கரை இது. செயற்கைத் துறைமுகம் எழும்பும்வரை கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கை ஏற்றின, இறக்கின.

இந்த மேல்-கீழ்த் திசை என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததா என்றால், இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தைச் சொல்லும் பட்டினப்பாலை, "நீரினின்று நிலத்தேற்றவும் நிலத்தினின்று நீர்ப்பரப்பவும்" என்கிறது. கடலிலிருந்து கரைக்கு வருவதை, அதாவது இன்றைய இறக்குமதியை, அங்கே "ஏற்ற" என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கரையில் நிற்பவருக்கு நீர் தாழ்ந்தது, நிலம் உயர்ந்தது. கப்பலைப் பார்த்து நிற்பவருக்குக் கப்பல்தளம்தான் உயரம். ஏற்று என்ற வினைக்கு எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம்.

இன்றைய குழப்பமும் இங்கிருந்தே தொடங்குகிறது. தமிழ் இடைமுகம் உள்ள பல மென்பொருள்களில் எக்ஸ்போர்ட்டுக்கு ஏற்றுமதி என்றுதான் இருக்கிறது. அதே கணினித் தமிழில் அப்லோடுக்குப் பதிவேற்றம், டவுன்லோடுக்குப் பதிவிறக்கம் என்று வேரூன்றிவிட்டது. அங்கே ஏற்றுவது என்றால் நம்மிடம் இருப்பதை வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு, அனுப்புவது, இறக்குவது என்றால் நம் கணினிக்குக் கொண்டுவருவது. எக்ஸ்போர்ட் செய்யும்போதோ கோப்பு நம் கணினிக்கு, நம் அடைவுக்கு, நம் கைக்கு வருகிறது. கையில் வந்து சேர்வதை ஏற்றுமதி என்றால் புதிதாகப் படிக்க வருபவர் ஒரு கணம் திகைப்பார்.

ஒப்புருவாக்கத் துறையில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. பாகத்தின்மேல் விசை கொடுப்பதை நாம் சுமையேற்றம் என்கிறோம். சுமையேற்றப் படிகள், சுமையேற்ற நிலை என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியபோது, இப்படிப்பட்ட சொற்களை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய தேவை மாணவர்களுக்கு உண்மையாகவே வந்தது. "இரண்டாம் சுமையேற்றப் படியின் தகைவுகளை ஏற்றுமதி செய்க" என்று ஒரு வரி இருந்தால், ஏற்றுவதும் ஏற்றுவதும் மோதிக்கொள்கின்றன. வாசிப்பவர் இரண்டு முறை படித்தால்தான் எது விசை, எது கோப்பு என்று பிரியும். நல்ல கலைச்சொல் அப்படிப் படிக்க வைக்கக் கூடாது.

இதற்காக ஏற்றுமதியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் பழகிப்போன கட்டளைப் பெயராக அது இருக்கட்டும். ஆனால் முடிவுத்தரவை வெளியே கொண்டுவரும் வேலையின் பெயராக வெளியெடுப்பு என்பதையே நான் பரிந்துரைப்பேன். வினை வெளியெடு. அலுவலகத்தில் யாரும் சொல்லித்தராமலே "எக்செல்ல எடுத்துக் குடு", "அந்த நோடு வேல்யூ மட்டும் தனியா எடு" என்று பேசுகிறார்கள். எடு என்பதில் இரண்டு பொருள் சேர்ந்து வருகின்றன: ஒன்றிலிருந்து வெளியே கொண்டுவருதல், பலவற்றுள் சிலவற்றைத் தேர்தல். எக்ஸ்போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லில்கூட இரண்டாவது பொருள் இல்லை.

அந்தத் தேர்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஓர் எஃகுத் தாங்கி, அதில் போல்ட்டுக்கான துளை. துளையின் விளிம்பில் ஒரு கணு, அதாவது நோடு, கூறுகளின் மூலைகள் சேரும் புள்ளி. நான்கு கூறுகள் அந்தக் கணுவில் சந்திக்கின்றன. மென்பொருள் தகைவைக் கணுவில் நேரடியாகக் கணக்கிடுவதில்லை. கூறுக்கு உள்ளே இருக்கும் தொகையீட்டுப் புள்ளிகளில் கணக்கிட்டு, அங்கிருந்து கணுவுக்கு நீட்டிக் கணிக்கிறது. ஆகவே நான்கு கூறுகளும் ஒரே கணுவுக்கு நான்கு விடை தரும். 212, 208, 171, 165 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 189. அந்தப் பாகத்துக்கு அனுமதித்த தகைவு 200 என்றால், சராசரியை வெளியெடுத்தவர் பாகம் தேறியது என்று எழுதுவார். கூறுவாரியாக வெளியெடுத்தவர் 212ஐப் பார்த்து, துளையருகே வலையை, அதாவது கூறுகளாகப் பிரித்த அமைப்பை, இன்னும் நுண்ணியதாக்கி மறுபடி கணக்குப் போடுவார். கணக்கு ஒன்றுதான், கோப்பும் ஒன்றுதான். வெளியெடுப்பு மாறியதால் முடிவே மாறிவிட்டது.

அபாகஸில் இந்தச் சராசரிக்கு ஒரு வரம்பு உண்டு. நாம் தொடாதவரை அது 75 சதவீதத்தில் இருக்கும். கூறுகளுக்கிடையிலான வேறுபாடு அதற்குள் அடங்கினால் சராசரி எடுத்துவிடும், மீறினால் தனித்தனியாக விடும். பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் வான் மீசஸ் தகைவில் இன்னொரு நுட்பம்: தகைவின் ஆறு கூறளவுகளையும் (திசைவாரியான மதிப்புகளையும்) சராசரி செய்துவிட்டு அதைக் கணக்கிட்டால் ஓர் எண், ஒவ்வொரு கூறிலும் கணக்கிட்டுவிட்டுச் சராசரி செய்தால் வேறோர் எண். அறிக்கையைப் பெறுபவர் இதைக் கேட்பது அரிது. கேட்க வேண்டும்.

ஆன்சிஸ் மெக்கானிக்கலில் விடையின்மேல் வலச்சொடுக்கு போட்டு உரைக்கோப்பாக எடுத்தால், கணு எண்ணும் அதன் மதிப்பும் வரும். கணு எங்கே இருக்கிறது என்ற ஆயங்கள் தாமாக வருவதில்லை. விருப்பத்தேர்வுகளுக்குள் போய், கணு இருப்பிடத்தையும் சேர் என்று மாற்ற வேண்டும். இதை மாற்றாமல் அனுப்பிய கோப்பு வாடிக்கையாளரிடம் போனால், "48213 எண் கணுவில் 189" என்று மட்டும் இருக்கும். அவரிடம் அந்த வலை இல்லையென்றால் 48213 பாகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அலகு இன்னும் ஆபத்தானது. அபாகஸ், நாஸ்ட்ரான், எல்எஸ்-டைனா போன்றவற்றுக்கு அலகு என்றால் என்னவென்றே தெரியாது. நாம் கொடுத்த எண்களை வைத்துக் கணக்கிடும், அவ்வளவுதான். வண்டித் துறையில் பெரும்பாலும் மில்லிமீட்டர், டன், நொடி என்ற தொகுதி. அதில் எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹, தகைவு மெகாபாஸ்கலில் வரும். கட்டடத் துறையில் பலர் மீட்டர், கிலோகிராம் தொகுதியில் போடுவார்கள். அடர்த்தி 7850, தகைவு பாஸ்கலில். வெளியெடுத்த கோப்பில் வெறும் எண் மட்டுமே இருக்கும். இதில் தகைவு என்றால் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் என்பதால் உடனே கண்ணில் படும். இடப்பெயர்ச்சியில் ஆயிரம் மடங்குதான், சிறிய எண்களுக்கு நடுவே அது நழுவிப்போகலாம்.

தசமப் புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் பன்னிரண்டரை என்பது 12,5. அங்கே காற்புள்ளிதான் தசமக் குறி, ஆகவே நிரல்களைப் பிரிக்க அரைப்புள்ளி. அந்தக் கோப்பை இங்கே திறந்தால் நிரல்கள் கலைந்துபோகும், அல்லது 12 ஒரு கட்டத்திலும் 5 அடுத்த கட்டத்திலும் போய் விழும். ஜெர்மன் வாடிக்கையாளரோடு வேலை செய்யும் சென்னைக் குழுக்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

இலக்கங்களின் எண்ணிக்கையும் அப்படியே. 32 பிட் எண்ணில் சுமார் ஏழு இலக்கம் நம்பலாம். பாகத்தின் ஒரு புள்ளி 2000 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்து 0.0004 மில்லிமீட்டர் நகர்ந்தால், நகர்ந்த பிறகான ஆயத்தை மட்டும் ஏழு இலக்கத்தில் வெளியெடுத்தால் 2000.000 என்றே வரும். நகர்வு காணாமல் போயிருக்கும். இடப்பெயர்ச்சியைத் தனி நிரலாக எடுத்தால் இழப்பு இல்லை.

மேலே சொன்ன பட்டினப்பாலைப் பகுதியில் அடுத்து வருவது "புலி பொறித்துப் புறம்போக்கி". மூட்டைகளுக்குச் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்துத்தான் வெளியே விட்டார்கள். பொறிக்காத மூட்டை சுங்கத்தைத் தாண்டாது. புறம்போக்கு என்ற அழகான சொல்லை நாம் இப்போது எக்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவர முடியாது, வருவாய்த்துறை அதை அரசு நிலத்துக்கு எடுத்துக்கொண்டு பல தலைமுறை ஆகிவிட்டது. பொறித்தல் மட்டும் நமக்கு மிச்சமிருக்கிறது. வெளியெடுத்த கோப்பின் உச்சியில் எழுதும் விவர வரிகளைப் பொறிப்பு வரிகள் என்று சொல்லலாம். ஹெடர் என்பதற்குத் தலைப்பு வரி என்பதைவிட இது பொருந்தும், ஏனென்றால் தலைப்பு நிரலின் பெயரை மட்டுமே சொல்லும், பொறிப்பு அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லும்.

துணைச் சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். டேட்டா என்பது லத்தீனில் கொடுக்கப்பட்டவை. தரவு என்பதும் தருதலிலிருந்து வந்ததே, இவ்வளவு கச்சிதமான இணை அபூர்வம். ரிசல்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முடிவு, இலங்கையில் பெறுபேறு. கணக்கிலிருந்து பெற்றது என்று தெளிவாகச் சொல்வதால் பெறுபேறு எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே முடிவுத்தரவு என்றால்தான் உடனே புரியும். அவுட்புட் வேறு, அது வெளியீடு: எந்தெந்த அளவுகளைக் கோப்பில் எழுத வேண்டும் என்று கணக்கு ஓடும் முன்பே நாம் கேட்டு வைப்பது. அங்கே கேட்காததைப் பின்னால் வெளியெடுக்க முடியாது. இம்போர்ட்டுக்கு உள்ளெடுப்பு போதும்.

ஆய்வகக் குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: "இரண்டாம் சுமையேற்றப் படியில் துளை விளிம்புக் கணுக்களின் வான் மீசஸ் தகைவு, கூறுவாரியாக, சராசரியின்றி, ஆயங்களுடன் சிஎஸ்வி கோப்பாக வெளியெடுக்கப்பட்டது." கோப்பின் பொறிப்பு வரிகளில் மென்பொருளின் பெயரும் பதிப்பும், மாதிரியின் பெயர், சுமையேற்றப் படி, அலகுத் தொகுதி, ஆய அச்சு எது, மதிப்பு கணுவினதா தொகையீட்டுப் புள்ளியினதா, சராசரி உண்டா இல்லையா, வெளியெடுத்த நாள், எடுத்தவர் பெயர்.