வேகமாக நடந்தால் அது ஓட்டமா?

ஆங்கிலத்தில் 'வாக்', 'ரன்' என்று இரண்டு சொல் எதற்கு, ரன் என்பது வேகமான வாக்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. மெல்ல ஜாகிங் போகிறவரை வேகநடைப் போட்டியாளர் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவார், அவர் செய்வது அப்போதும் நடைதான். ஒரு காலாவது எப்போதும் தரையில் இருந்தால் நடை, இரண்டும் ஒரு கணம் அந்தரத்தில் இருந்தால் ஓட்டம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சரி, ஆனால் எனக்குப் பிடித்த வித்தியாசம் வேறு.

நடக்கும்போது ஊன்றிய கால் கிட்டத்தட்ட நேராக, ஒரு கம்பு மாதிரி நிற்கிறது, உடம்பு அதன் மேல் வளைவாக ஏறி இறங்குகிறது. தலைகீழ் ஊசல்! ஏறும்போது வேகம் குறைந்து உயரமாகிறது, இறங்கும்போது அதே உயரம் மறுபடி வேகமாகிறது, அதனால்தான் மணிக்கணக்கில் நடந்தாலும் தசைகளுக்கு அவ்வளவு செலவில்லை. ஓடும்போது முழங்கால் மடங்குகிறது, வேகமும் உயரமும் சேர்ந்தே குறைகின்றன, அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போகிறது? நல்ல பங்கு குதிகாலுக்கு மேலே இருக்கும் அகில்லிஸ் தசைநாணுக்குள் போகிறது. அது ரப்பர் போல இழுபட்டு, அடுத்த கணமே உடம்பை மேலே எறிகிறது. ஆக, ஊன்றிய காலுக்கு நேர் மேலே வரும்போது நடப்பவரின் இடுப்பு உச்சத்தில் இருக்கும், ஓடுபவரின் இடுப்பு அடிமட்டத்தில் இருக்கும். பக்கவாட்டில் செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

நடைக்கு ஒரு வேக வரம்பும் உண்டு. வளைவில் போகும் உடம்பைத் தரையோடு பிடித்து வைப்பது புவியீர்ப்பு, கால் நீளம் 0.9 மீட்டர் என்றால் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பிடி போதாது. பெரும்பாலோர் 7 கிலோமீட்டர் வாக்கிலேயே தானாக ஓட ஆரம்பித்துவிடுவோம். வேகநடைக்காரர்கள் இடுப்பை ஆட்டி அந்த வளைவைத் தட்டையாக்கிக்கொள்வதால்தான் வரம்பைத் தாண்டுகிறார்கள். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கே உள்ள நிலாவில் இந்த வரம்பு 4 கிலோமீட்டர் சொச்சம்தான், அப்போலோ வீரர்கள் அங்கே துள்ளித் துள்ளிப் போனது அதனால்தான்.

இதில் யானை தனி ரகம். மணிக்கு 25 கிலோமீட்டரில் விரையும்போதும் நான்கு காலையும் ஒருசேரத் தூக்குவதில்லை, ஆனால் அதன் உடம்பு ஓட்டத்தைப் போலக் குதித்து எழும்புகிறது. யானை ஓடுமா என்று ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். உடம்பு எப்படி எழும்புகிறது என்று தெரிந்துகொள்வது வீண்போவதில்லை. கால் இழந்த ஓட்டக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் கார்பன் இழைத் தகடு அமுங்கி எழும்பி அவர்களை முன்னே தள்ளுகிறதே, அது செய்வது அப்படியே நம் அகில்லிஸ் தசைநாணின் வேலை.