கென்டே பை வாங்கும்போது தையலைத் தேடுங்கள்

தோல் பை தைப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். மேற்கு ஆப்பிரிக்கத் துணி வைத்த பைகள் பழுதுக்கு வரும்போது, உரியவர்கள் ‘கென்டே’ (கையால் நெய்யும் கானா நாட்டுத் துணி) என்றே சொல்லிக் கொடுப்பார்கள். பல பைகளில் இருப்பது கென்டே மாதிரி அச்சடித்த துணிதான்.

அசல் கென்டே குறுகிய தறியில், சுமார் 10 செ.மீ. அகலப் பட்டையாக நெய்யப்படுவது. கானாவில் குமாசிக்குப் பக்கத்தில் இருக்கும் போன்வீரே இதற்குப் பேர்போன ஊர். வோல்டா பகுதி எவே மக்களுக்கும் தனிக் கென்டே மரபு உண்டு. நைஜீரியாவின் அசோ ஓகே என்ற கைத்தறித் துணியும் இப்படித்தான்: பட்டைகளை அருகருகே வைத்துத் தைத்தால்தான் அகலத் துணி கிடைக்கும். 2024-இல் யுனெஸ்கோ கென்டே நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது கலைக்குக் கிடைத்த மரியாதை. பையில் தொங்கும் ‘கென்டே’ என்ற அட்டைக்கு அது சான்றாகாது.

துணியாக வாங்கினால் திருப்பிப் பாருங்கள், அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். பையில் பின்பக்கத்தைத் தோலோடு ஒட்டிவிடுகிறார்களே! அதனால் முன்பக்கத்தை விரலால் தடவுங்கள். அசலில் குறுக்கே ஓடும் ஊடை நூல் மேடாகத் தட்டுப்படும். பை அகலமாக இருந்தால் பட்டைகள் சேரும் தையலும் தெரியும். அந்த இடத்தில் கட்டங்கள் நூலளவு விலகியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், தனித்தனிப் பட்டைகளைச் சேர்த்ததற்கு அது அடையாளம். தையலே இல்லாமல் கோடு மட்டும் ஓடினால் அது அச்சு, இல்லையென்றால் இயந்திரத்தில் அகலமாக நெய்தது. சிறிய பர்ஸில் ஒரே பட்டை அடங்கிவிடும் என்பதால் அங்கே விரலைத்தான் நம்ப வேண்டும்.

சரி, அசல்தான் என்றாலும் தைத்த விதத்தைப் பாருங்கள். பட்டையைக் குறுக்கே வெட்டிய இடத்தில் நூல் சீக்கிரம் பிரியும். அந்த ஓரம் தோலுக்கு அடியில் நன்றாக உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே தெரிகிற வெட்டு ஓரத்தைப் பசை மட்டும் ரொம்ப நாள் பிடித்து நிறுத்தாது. பூவேலை நூல்கள் மோதிரத்திலும் சாவியிலும் மாட்டி இழுபடும். ஆகவே மூடியிலோ முன்பக்கத்து நடுவிலோ துணி இருப்பது நல்லது. அடிப்பாகத்தில், மூலையில், கைப்பிடியில் வைத்த பையை நான் வாங்க மாட்டேன். அடர் சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் வெளிர் நிறத் தோல் இருந்தால், ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் மழையிலேயே தோலிலும் ஏறும். ஏறிய கறையை என்னாலும் முழுசாக எடுக்க முடியாது.