அழித்தால் பழைய விலை திரும்பி வராது

ஏப்ரல் கடைசிக் கிழமை ஒரு காலை, நிதிப் பிரிவு அக்கா ஒருவர் தொலைபேசியில். "தம்பி, புறக்கோட்டை விநியோகஸ்தர் ஐந்து நாள் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய விலையும் இல்லை, புத்தாண்டு ஒஃபர் விலையும் இல்லையாம். இது என்ன மூன்றாவது விலை?" அவர் சொல்லி முடிக்க முன்னமே காரணம் விளங்கிவிட்டது. இந்த வருடம் நான் கேட்கும் மூன்றாவது கதை இது. மூன்றும் வேறு வேறு கம்பனிகள், தவறு மட்டும் ஒன்றுதான்.

ஒஃபர் விலைகளை எக்செல் பைலில் போட்டு, சாப் (SAP) என்ற கம்பனி நிர்வாக மென்பொருளில் பேட்ச் இன்புட் மூலம், அதாவது பைலின் வரிகளைச் சிஸ்டமே ஒவ்வொன்றாகப் பதியும் முறையில், விலை பதியும் திரையான விகே11 (VK11) வழியாக ஏற்றியிருக்கிறார்கள். தொடங்கும் திகதி ஏப்ரல் 1. முடியும் திகதி நிரல் வெறுமை. அவர்களுடைய அமைப்பில் அது வெறுமையாக இருந்தால் சிஸ்டம் 31.12.9999 என்று போட்டுக்கொள்ளும். ஒஃபர் முடிந்ததும் விற்பனைப் பிரிவில் ஒரு தம்பி கவனித்திருக்கிறார். உடனே புதிய விலைப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். "இனிப் பழைய விலை வந்துவிடும்" என்று நிம்மதியாக வீட்டுக்கும் போயிருக்கிறார்.

வராது. இதை எத்தனை பயிற்சி வகுப்பில்தான் சொல்வது!

எல்லோருடைய மனதிலும் இருப்பது காலி வீதி மதிலில் ஒட்டும் தேர்தல் சுவரொட்டி. மேலே உள்ளதைக் கிழித்தால் அடியில் பழையது அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். கண்டிஷன் ரெக்கோர்ட், அதாவது சாப்பில் ஒரு விலையும் அது செல்லும் காலமும் உள்ள பதிவு, அப்படி வேலை செய்வதில்லை. ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள் என்றால் ஒரு நாளுக்கு ஒரு ரெக்கோர்ட்தான். புதியதைச் சேமிக்கும் அந்த நொடியிலேயே பழையதன் ஆயுளைச் சிஸ்டம் வெட்டிவிடுகிறது. 31.12.9999 வரை இருந்த பழைய விலை இப்போது மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. பழையதன் காலம் முழுவதையும் புதியது மூடிவிட்டால் பழையது மிஞ்சவே மிஞ்சாது. புதியதை அழித்தாலும் வெட்டிய துண்டு திரும்ப ஒட்டாது, நடுவில் வெற்றிடம்தான். கையால் ஒவ்வொன்றாகப் பதிந்தால் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்று சிஸ்டம் எச்சரிக்கும். பேட்ச்சில்? பேட்ச்சுக்கு மாதிரியாக ஒரு தடவை பதிவு செய்யும்போது யாரோ தட்டிய என்டர், அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு வரிக்கும் தாண்டிப் போய்விடும்.

சரி, வெற்றிடம் என்றால் ஓடர் விலை இல்லாமல் நின்றிருக்க வேண்டுமே? நின்றிருந்தால் அன்றே பிடித்திருப்போம். அக்சஸ் சீக்வென்ஸ், அதாவது சிஸ்டம் விலை தேடும் படிவரிசை, முதலில் வாடிக்கையாளருக்கென்று உள்ள விலையைத் தேடும்; இல்லாவிட்டால் அடுத்த படிக்கு இறங்கும்; கடைசியில் பொதுப் பட்டியல் விலையை எடுத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியாது, பிழைச் செய்தி வராது. அக்கா கேட்ட மூன்றாவது விலை அதுதான்.

இன்னொரு சனியனையும் சொல்லிவிடுகிறேன். பைலில் உள்ள திகதியும் தசமப் புள்ளியும், பேட்ச்சை ஓட்டும் பயனரின் அமைப்புப்படிதான் வாசிக்கப்படும். அந்தப் பயனருக்கு மாதம் முதலில் வரும் அமைப்பு என்றால் 01/04 ஜனவரி 4 ஆகிவிடும். நாள் 12 வரை பிழையே காட்டாது, 13 இல்தான் கத்தும். புள்ளிக்கும் கமாவுக்கும் இடம் மாறினால் 1.250 என்பது ஒன்றேகால் ரூபாயா, ஆயிரத்து இருநூற்றைம்பதா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே, தயவுசெய்து: ஏற்றுவதற்கு முன், மாறப்போகும் விலைகளை அவற்றின் பழைய திகதிகளோடு இறக்கி எடுத்து வையுங்கள். பத்து நிமிட வேலை. முடியும் திகதி வெறுமையாக உள்ள பைலைத் திருப்பி அனுப்புங்கள், அனுப்பியவர் மனேஜராக இருந்தாலும். முதலில் ஐந்து வரி மட்டும் ஓட்டி, ஒஃபருக்கு முந்திய நாள், நடு நாள், அடுத்த நாள் என்று மூன்று விலைத் திகதிகளில் சோதனை ஓடர் போட்டுப் பாருங்கள். பேட்ச் ஓட்டத்தைக் கண்காணிக்கும் திரையான எஸ்எம்35 (SM35) இல் பிழைபட்டு நிற்கும் வரிகளை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். முழு பைலையும் திரும்ப ஓட்டினால் இடையில் யாராவது கையால் திருத்தியது போய்விடும். அப்புறம், ஏற்கனவே பதிந்த ஓடர்கள் தாமாக மாறா, அவற்றுக்குத் தனியாகப் புதிய விலை எடுக்கச் சொல்ல வேண்டும்.

நேரம் இல்லை என்பீர்கள். தெரியும். இலங்கையில் வற் வரி 2022 இல் இரண்டு தடவை மாறியது, 2024 ஜனவரி 1 அன்று 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த டிசம்பர் 31 இரவு நானும் பட்டாசுச் சத்தத்தைத் திரைக்கு முன்னால் இருந்துதான் கேட்டேன். அன்றும் முதலில் இறக்கி எடுத்துவிட்டுத்தான் ஏற்றினோம்.

இந்தக் கம்பனியில் அப்படி எடுத்துவைத்தது எதுவும் இல்லை. மாற்றப் பதிவுகளையும் மார்ச் மாதப் பில்களையும் வைத்துக்கொண்டு, அக்காவும் நானும் வரி வரியாகப் பழைய விலைகளைத் தேடிப் பதிந்தோம். கடைசி கிறெடிட் நோட் அடித்துவிட்டு வெளியே வந்தபோது, எதிர்க் கடையில் வெசாக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.