நிலத்தை அரசு எடுத்தால் கோர்ட்டில் நிறுத்த முடியுமா?

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அப்பா காலத்துத் தரைவீடு, பக்கத்தில் எம்ஆர்டி ரயில் வரப்போகிறது, நிலத்தை அரசு எடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. "தம்பி, இது ஃப்ரீஹோல்ட், அதாவது காலவரம்பில்லாத சொந்த நிலம். அரசியலமைப்புச் சட்டத்தில் சொத்துரிமை இருக்கிறதே, வழக்குப் போட்டால் நிறுத்திவிடலாம்தானே?" என்று கேட்டார். இதே நம்பிக்கையை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டத்தில் சொத்துரிமை என்று ஒரு பிரிவு கிடையாது. மறந்து விட்டுப்போனதல்ல, தெரிந்தேதான் விடப்பட்டது. மலேசியாவோடு சேர்ந்திருந்தபோது மலேசிய அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு நமக்கும் பொருந்தியது. போதுமான இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 1965 ஆகஸ்டில் பிரிந்தோம். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சிங்கப்பூர்க் குடியரசுச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியபோது, மலேசிய அரசியலமைப்பின் பல பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த 13ஐப் பெயர் சொல்லி விலக்கியது. இருந்திருந்தால் ஒவ்வொரு நில எடுப்பிலும் "கொடுத்த பணம் போதாது, சட்டமே செல்லாது" என்று நீதிமன்றத்துக்குப் போயிருக்க முடியும். மலேசியாவில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. இந்தியாவில் சொத்துரிமை 1978இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போனாலும் 300ஏ பிரிவாக மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பதில் வியப்பில்லை.

அடுத்து வந்ததுதான் நிலக் கையகப்படுத்தல் சட்டம். 1966இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1967 ஜூன் 17 முதல் நடப்புக்கு வந்தது. அப்போது சட்ட அமைச்சர் எட்மண்ட் பார்க்கர். எதிர்க்கட்சியான பாரிசான் சோஷியலிஸ் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்துக்கொண்டிருந்த காலம் அது. இவ்வளவு பெரிய சட்டத்துக்கு எதிர்வாதம் பேச வேண்டிய இருக்கைகள் காலியாக இருந்தன என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அரசின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1961 மே 25 புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்ட நிலம் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். பொதுப்பணத்தில் சாலையும் தண்ணீரும் வந்ததால் ஏறிய விலை நில உரிமையாளரின் பைக்குப் போகக்கூடாது என்று லீ குவான் இயூ 1964இலேயே சட்டமன்றத்தில் சொல்லிவிட்டார். 1960இல் நூற்றுக்கு 44 பங்கு நிலம் அரசிடம் இருந்தது, 1985இல் அது 76 பங்கானது. நாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம் என்றால் அந்தக் கணக்கின் பலன் நம் கையிலும் இருக்கிறது.

ஆனால் 1973இல் செய்த திருத்தம் கடுமையானது. 1973 நவம்பர் 30 அன்றிருந்த விலை, எடுக்கும் நாளின் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. அதாவது 1985இல் உங்கள் நிலத்தை எடுத்தாலும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய விலைதான் கையில் வரும், அந்தப் பணத்தில் அதே வட்டாரத்தில் இன்னொரு இடம் வாங்கவே முடியாது. பெரிய எஸ்டேட்காரர் தாங்குவார், ஒரே ஒரு துண்டு நிலம் வைத்திருந்த குடும்பம் எப்படித் தாங்கும்? அந்தத் தேதி பிறகு 1986, 1992, 1995 என்று நகர்த்தப்பட்டது. 2007இல்தான், எஸ். ஜெயக்குமார் சட்ட அமைச்சராக இருந்தபோது, பழைய தேதி முறையே ஒழிந்து, அந்த ஆண்டு பிப்ரவரி 12 முதல் எடுக்கும் நேரத்தின் சந்தை விலை என்றானது.

சரி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். பொதுத் தேவைக்காக மட்டுமல்ல, குடியிருப்பு, வணிகம், தொழில் இவற்றுக்காகவும் நிலத்தை எடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. இந்த நிலம் இந்தக் காரியத்துக்குத் தேவை என்று அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் அதுவே முடிவான சான்று. "உண்மையிலேயே தேவையா?" என்று நீதிமன்றம் மறுபடி எடைபோடாது. கெட்ட நோக்கத்தில் செய்தார்கள் என்று காட்டினால் ஒரு வழி உண்டு, ஆனால் நிரூபிப்பது மிகக் கடினம். 1983இல் எடுக்கப்பட்ட ஒரு நிலம் இருபது வருடத்துக்கு மேல் சும்மாவே கிடந்தது என்று பழைய உரிமையாளர் வழக்குப் போட்டார். கெட்ட நோக்கம் காட்டப்படவில்லை, வழக்கும் மிகத் தாமதமாக வந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தள்ளிவிட்டது.

சொத்துரிமை இல்லாததால் சிலர் 12ஆம் பிரிவை, அதாவது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற பிரிவைப் பிடித்துப் பார்த்தார்கள். பார்ட்லியில் வட்டப்பாதை எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றிய மறுமேம்பாட்டுக்காக 2003இல் ஜின் லோங் சி என்ற சீனக் கோயிலின் நிலம் எடுக்கப்பட்டது. அருகிலேயே நமக்கெல்லாம் தெரிந்த இராமகிருஷ்ண மிஷனும் ஒரு கிறிஸ்துவத் தேவாலயமும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு எங்களுடையதை மட்டும் ஏன் என்று பக்தர்கள் கேட்டார்கள். அந்த வழக்கும் 2009இல் தோற்றது. நம் கோயில்களுக்கும் இது புதிதல்ல. ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்த ஸ்ரீ சிவன் கோயில் தோபி காட் எம்ஆர்டிக்காக 1983இல் இடம் விட்டு, சிராங்கூன் ரோட்டில் தற்காலிகமாக இருந்து, 1993இல்தான் கேலாங் ஈஸ்ட்டில் நிலைகொண்டது.

ஆகவே நிலத்தை எடுப்பதை நிறுத்துவது ஏறக்குறைய நடக்காது. ஆனால் தொகையைக் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. சிங்கப்பூர் நில ஆணையத்திடமிருந்து கடிதம் வந்ததும் சும்மா இருந்துவிடாதீர்கள். விசாரணைக்கு அழைப்பார்கள், அங்கே உங்கள் கோரிக்கைத் தொகையை எழுத்தில் வைக்கவேண்டும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை கையில் இருந்தால் பேச்சுக்கே வேறு எடை வரும். சந்தை விலை மட்டுமல்ல, நிலத்தில் ஒரு பகுதியை எடுத்ததால் மீதிக்கு ஏற்படும் சேதம், வீடோ கடையோ மாறவேண்டி வந்தால் அதற்கான நியாயமான செலவு இவற்றையும் கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கணக்கில் வராதவையும் உண்டு. இன்னும் உயரமாகக் கட்டியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும் என்பது சேராது, இன்றைய நிலப்பயன்பாட்டு வரம்புதான் அளவு. பிரிய மனமில்லை என்பதும் சேராது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அப்பா நட்ட மாமரத்துக்கு விலை இல்லை என்று அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிடைத்த தொகை போதாது என்றால் நிலக் கையகப்படுத்தல் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கெடு குறுகியது, தொகையை முடிவுசெய்த கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சட்டப் பிரச்சினை இருந்தால் நீதிமன்றம்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாத வாடகைக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்கும் தகுதி இல்லை. கடை நடத்துகிறவர்கள் எழுத்தில் வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வீவக வீட்டுக்காரர்களுக்கும் இது தூரத்து விஷயமல்ல. 1995இல் தொடங்கிய செர்ஸ் என்ற மறுமேம்பாட்டுத் திட்டத்தில் பழைய புளோக்குகளை எடுப்பதும் இதே சட்டத்தின் கீழ்தான். 2022இல் அங் மோ கியோ அவென்யூ 3இல் நான்கு புளோக்குகளுக்கு அறிவிப்பு வந்தபோது, புதிய 99 ஆண்டுக் குத்தகை வீட்டுக்குக் கூடுதல் பணம் போடவேண்டி வரும் என்று முதியவர்கள் பலர் கலங்கினார்கள், குரல் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு என்ற தெரிவு வந்தது.